கனமானதே இருக்கட்டும்

தம்பி புது லேப்டாப் வாங்கப்போவதாகச் சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது. லேப்டாப்புக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்றால், அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அவனை வெளிநாட்டிலிருந்து ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. கேம் செய்கிற கம்பெனி. வருசத்தில் பாதி நாள் பனி பெய்கிற ஊர். "இன்னும் முடிவு பண்ணலக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் போய்விட்டால் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. புருசன் இருக்கிறார், குஜிலியம்பாறைப் பக்கம், வேறொருத்தியோடு.

அந்த ஊரில் நான் வாழ்ந்த காலத்தில், பொங்கலுக்கு முன்னால் தம்பி சீர் கொண்டுவருவான். பைக்கின் பக்கவாட்டில் கரும்பைக் கட்டி, முன்னால் பித்தளைப் பானையை வைத்துக்கொண்டு, அந்த வறண்ட காட்டு வழியில் புழுதியைக் குடித்துக்கொண்டு வருவான். நான் பெட்டியோடு திரும்பி வந்த பிறகு சீர் நின்றுபோனது. ஒரே அடுப்பில் உலை வைக்கிறவளுக்கு யாரும் சீர் வைப்பதில்லை. சீர் என்பது வேறு வீட்டுக்குப் போவது. அது நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை, நிம்மதிதான். இந்த வீட்டுக்காரியாக மறுபடி ஆகிவிட்டேன் என்று அர்த்தம்.

திரும்பி வந்த புதிதில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அப்போது தம்பிதான் தன் பழைய லேப்டாப்பை என் முன்னால் வைத்து, "செத்த நேரம் இத ஓட்டிப் பாருக்கா" என்றான். லாரி ஓட்டுகிற கேம். பகலெல்லாம் நான் ஒட்டன்சத்திரத்தில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறவள். முருங்கையும் தக்காளியும் ஏற்றிக் கேரளாவுக்குப் போகிற லாரிகளுக்குப் பில் போட்டுப் போட்டு அலுத்தவள். வீட்டுக்கு வந்தும் லாரியா என்று சிரித்தேன். ஆனால் அது பனி கொட்டுகிற மலைப்பாதை. ஓட்டினால் வேறு எதுவும் நினைவுக்கு வராது.

ஒரே லேப்டாப் என்பதால் ஒருத்தர் ஓட்ட, இன்னொருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டும். "ஒடி, ஒடி, லெப்ட்ல ஒடிக்கா" என்று அவன் கத்துவான். நான் நேராகப் போய்ப் பள்ளத்தில் விடுவேன். "தக்காளி அம்புட்டும் சட்னி" என்பான். நாற்பதை நெருங்குகிறவள் பொழுதுக்கும் கேம் விளையாடுகிறாள் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுப் போகட்டும். புருசன் வீட்டைப் பற்றி விசாரிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

அந்தப் பழைய லேப்டாப்தான் ஆவணி வெயிலில் ஒருநாள் உஸ்ஸென்று இரைந்து அணைந்துபோனது. அப்புறம் உயிர் வரவில்லை. புதிது எதை வாங்குவது என்ற பேச்சு அன்றைக்கு ஆரம்பித்தது.

விசயம் இதுதான். விலை கூடின கேமிங் லேப்டாப்பில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ஒல்லி. பையில் போட்டால் போட்டது தெரியாது. இன்னொன்று தடி. திரையே பெரிய தாம்பாளம் அகலம், சார்ஜர் செங்கல் கனம், விசிறி ஓடினால் மிக்ஸி சத்தம், பிளக்கைப் பிடுங்கினால் ஒரு சீரியல் முடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். இரண்டிலும் கிராபிக்ஸ் கார்டு ஒரே பெயர்தான் போட்டிருக்கும். ஆனால் ஒல்லிக்குள் காற்றோட இடமில்லை, அதனால் அந்தக் கார்டுக்குக் கரண்டைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். சூடு ஏறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தடிக்கு அந்தக் கவலை இல்லை, முழுச் சாப்பாடு.

தம்பி ஒல்லியின் பக்கம் நின்றான். நான் தடியின் பக்கம். என் கணக்கு வேறு. ஒல்லியை வாங்குகிறவன் கிளம்பிவிடுவான், தடியை வாங்குகிறவன் வீட்டில் இருப்பான். அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு எவன் பிளேன் ஏறுவான்?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போனோம். இரண்டையும் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரர், "அலையிறவங்களுக்கு இது, வீட்டோட இருக்கிறவங்களுக்கு அது, அக்கா" என்றார். நான் தம்பி முகத்தைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்மூரு வெயிலுக்கு ஒல்லி தாங்காதுடா. பழசு செத்தது மறந்துபோச்சா?" என்றேன்.

"இவ்வளவு கனத்தத் தூக்கிட்டு எங்கக்கா போறது?"

"எங்க போகப்போற நீ?"

அவன் ஒல்லியின் மூடியைத் திறந்து மூடினான். கடைக்காரர் மட்டும் சிரித்தார். ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்தோம்.

அதோடு நான் விடவில்லை. சோறு போடும்போது சூட்டைப் பற்றிச் சொன்னேன். துணி மடிக்கும்போது விசிறியைப் பற்றிச் சொன்னேன். யூடியூபில் யார் யாரோ பேசுவதைக் கேட்டு, எந்தக் கார்டுக்கு எவ்வளவு கரண்ட் என்று மண்டியில் வெங்காய விலை சொல்கிற மாதிரி சொல்லத் தெரிந்துகொண்டேன். ஐப்பசியில் மழை பிடித்த ஒரு சாயங்காலம் அவனே வந்து, "கனமானதே இருக்கட்டும்க்கா" என்றான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கறி எடுத்துக் குழம்பு வைத்து, வெஞ்சனத்துக்கு ஈரலும் வறுத்தேன். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. "என்ன விசேசம்?" என்று கேட்டார்கள். "சும்மாதான்" என்றேன். தம்பி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அப்புறம் அவன் தேர்வு செய்ததெல்லாம் விசித்திரமாக இருந்தது. கறுப்பு கறுப்பாகத் தெரிய வேண்டும் என்று உயிரை விடுகிறவன், பளபளப்புத் திரையை விட்டுவிட்டு மங்கலான திரையைக் கேட்டான். "நம்ம சன்னல் வெளிச்சம் கண்ணு கூசும்க்கா, உனக்குத்தான் தலவலி வருமே" என்றான். கீபோர்டில் வலதுபக்கம் எண்கள் தனியாக இருக்கிறதா என்று பார்த்தான். அவன் ஆயுசில் எண் தட்டி நான் பார்த்ததில்லை. வேகத்தில் ஒருபடி மேலான கம்பெனியை ஒதுக்கினான். ரிப்பேர் என்றால் ஆளை வீட்டுக்கே அனுப்புகிற கம்பெனிதான் வேண்டும் என்றான். "கெட்டுப்போனா மதுரைக்கும் இங்கயும் யாரு அலையிறது?" என்றான். ராம் என்கிற மெமரியைப் பலகையோடு ஒட்டியிருக்கக் கூடாது, திருகாணியைக் கழற்றி யாரும் மாற்றுகிற மாதிரி இருக்க வேண்டும் என்றான்.

செத்துப்போன பழைய லேப்டாப்பை என் முன்னால் கவிழ்த்து வைத்து, "நீயே தொறந்து பாரு" என்று ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தான். விசிறிக்குள் பஞ்சு மாதிரி புழுதி. பெயிண்ட் பிரஷால் அதைத் தட்டி எடுக்கச் சொன்னான்.

"இதெல்லாம் எனக்கெதுக்குடா? நீ எதுக்கு இருக்க?"

"தெரிஞ்சு வச்சுக்க. ஒண்ணும் கொறஞ்சு போகாது" என்று எழுந்து போய்விட்டான்.

கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் மண்டியிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினேன். முருங்கை வரத்து அதிகம், உடம்பெல்லாம் அசதி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முன்னறையில் விளக்கு ஏற்றியிருப்பது தெரிந்தது. அம்மாவின் பெரிய பித்தளைத் தாம்பாளம் தரையில் இருந்தது. அதில் வெற்றிலை பாக்கு, பூவன்பழம், மஞ்சள், ஒரு சேலை. நடுவில் அந்தத் தடி லேப்டாப், மூடியின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து. தம்பி குளித்துச் சட்டை மாற்றி நின்றிருந்தான்.

"என்னடா இது, ஆயுத பூஜை முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சேலையை எதற்கு வைப்பார்கள்?

"பொங்கச்சீர்க்கா. பொங்கலுக்கு நான் இங்க இருக்க மாட்டேன். அதான் முன்னாடியே..."

"ஒரே வீட்ல இருக்கிறவளுக்கு எவனாவது சீர் வப்பானாடா?"

"அதான்க்கா, இனி ஒரே வீடு இல்லல்ல" என்றான்.

மங்கலான திரை என் தலைவலிக்கு. எண்கள் என் மண்டிக் கணக்குக்கு. வீட்டுக்கு வருகிற ரிப்பேர்காரர், நான் தனியாக அலையாமல் இருக்க. திருகாணி, பிரஷ், எல்லாம் எனக்கு. அவனுக்கென்று அதில் ஒன்றுமே இல்லை. எனக்கு அடிக்கக் கை வந்தது. அடித்தும்விட்டேன், தோளில் ஒன்று. பிறகு அந்தத் தோளிலேயே சாய்ந்து அழுதேன். அவனும் அழுதான். இவ்வளவு பெரிய ஆள் அழுதால் பார்க்கச் சகிக்காது.

சீர்த்தட்டை வெறுமனே திருப்பக் கூடாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் ஒரு கை சர்க்கரை எடுத்துவந்து தாம்பாளத்தில் போட்டு அவன் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். கொண்டுபோக அவனுக்கு வேறு வீடு ஏது? கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, தாம்பாளத்தைக் கழுவி எங்கள் அலமாரியிலேயே கவிழ்த்து வைத்தான்.

மார்கழியில் கிளம்பினான். "போறேன்னு சொல்லாத" என்றேன். "வாரேன்க்கா" என்றான். பையில் ஒல்லிக்கும் இடமில்லை, தடிக்கும் இடமில்லை. போகிற இடத்தில் கம்பெனியே கொடுத்துவிடுமாம்.

இப்போது அழைக்கும்போதெல்லாம், "சூடு எம்புட்டுக் காட்டுதுக்கா?" என்று கேட்கிறான். லேப்டாப் திரையின் மூலையில் பார்த்துச் சொல்கிறேன். "அங்க எம்புட்டு?" என்று கேட்டால் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏதோ சொல்லி, சன்னலைத் திறந்து காட்டுகிறான். நாங்கள் ஓட்டிய அதே பனி. அதில் தொப்பி போட்டுக்கொண்டு என் தம்பி.

சாயங்காலம் லாரி ஓட்டுகிறேன். ஒரு குறை சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் ஓட்டினாலும் வேகம் குறையவில்லை, ஒவ்வொரு பனிப் பொட்டும் தனித்தனியாகத் தெரிகிறது. திருப்பத்தில் ஒடி என்று சொல்ல ஆளில்லாததால் நேராகப் போய்ப் பள்ளத்தில் விடுகிறேன். பக்கத்து நாற்காலியில் துணி மடித்து வைத்திருக்கிறேன், காலியாகத் தெரியக் கூடாது என்று.

கனமானதை வாங்கினால் வீட்டைவிட்டு எங்கேயும் போகாது என்று நினைத்து எத்தனை சண்டை போட்டேன். நினைத்த மாதிரியே வைத்த இடத்தில் இருக்கிறது.