மான்கொம்புப் பிடி

வேலந்தாவளம் சந்தையில் கடைக்காரன் மடக்குக் கத்தியைப் பிரித்தான். சத்தமே இல்லாமல் அலகு சோம்பலாக வெளியே வந்து நின்றது. அலகில் இறுக்கமில்லை, எனக்குப் பிடிக்கவில்லை என்றதும், "ஆம்பளைங்க யாராச்சும் வந்து பாக்கட்டுங்க அம்மிணி" என்றான்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா இதே சந்தையில் ஒரு கத்தி வாங்கினார். அவர் பார்த்தது பளபளக்கும் மான்கொம்புப் பிடியை. நாள் முழுக்கக் கயிறும் சோளத்தட்டும் அறுக்கிற அம்மாதான் அலகை அசைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஆணி ஆடுதுங்க. வேற பாருங்க."

"சீமைக் கத்தியைப் பத்தி உனக்கென்னடி தெரியும்? தள்ளி நில்லு."

சுற்றி நின்ற மாட்டுத் தரகர்கள் சிரித்தார்கள்.

நாலாம் நாள் கழுத்துக் கயிறு இறுகி எங்கள் கன்றின் விழி பிதுங்கியது. அம்மா அந்தக் கத்தியைத்தான் எடுத்து ஓடினாள். முடிச்சுக்குள் முனையைக் குத்தி நெம்பியபோது அலகு மடங்கியது. கன்று பிழைத்துக்கொண்டது. அம்மாவின் ஆட்காட்டி விரல் நுனி சாணியில் கிடந்தது.

"கத்தி புடிக்கத் தெரியாதவ" என்று அப்பா சாகும்வரை ஊரெல்லாம் சொன்னார். விரல் போன அன்று சாயங்காலமே அந்தக் கத்தியைக் கழுவி, கொய்யாப்பழம் நறுக்கித் தின்றார். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். நானும் வாங்கித் தின்றேன். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

கடைக்காரனின் கத்தியைப் பலகையில் ஊன்றி லேசாகத்தான் அழுத்தினேன். அலகு மடங்கிக்கொண்டது.

"உங்க விரலை உள்ள வெச்சு ஒருக்கா இப்படி மடக்கிக் காட்டுங்க" என்றேன். "அப்பறம் ஆம்பளையைக் கூட்டிட்டு வாறேன்."