அளாப்பிப் படித்த வீதிச் சட்டம்

எங்கள் ஒழுங்கையில் மூன்று பெண்கள் ஒரே காலத்தில் லைசென்ஸ் எடுக்க வெளிக்கிட்டோம். மூன்று பேருக்கும் மூன்று காரணம். என்னுடைய காரணம் என் கணவரின் கண்.

சீனி வருத்தம் அவருடைய கண்ணுக்குள் இறங்கியிருந்தது. படலையடியில் ஆள் நிற்பது தெரியும். யார் என்று குரலைக் கேட்டால்தான் தெரியும். மாதாமாதம் கிளினிக்குக்குப் போய்க் கண்ணுக்கு ஊசி போடவேண்டும், விட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மோட்டார் சைக்கிளை இனித் தொடக்கூடாது என்றும் சொன்னார். அதுவரைக்கும் எதற்கும் யாரையும் கேட்டு நிற்காத மனிதர். ஒருமுறை சொல்லி வைத்த ஓட்டோ வரவில்லை. வேறு ஒருவரைக் கேட்போமா என்றேன். "வேண்டாம், அடுத்த மாதம் பாப்பம்" என்று போட்ட சேட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. மகள் கலியாணம் செய்து கொழும்புக்குப் போனபோது விட்டுப்போன ஸ்கூட்டி கொட்டிலில் நின்றது. நான் ஓடினால் அவர் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை.

ஓடப் பழகுவது பெரிய பாடாக இருக்கவில்லை. சைக்கிளில் மருதனார்மடம் சந்தைக்குப் போய் வந்து பழகியவள் நான். எழுத்துச் சோதனைதான் என்னை மறித்தது. சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடம் விட்டவள். வகுப்பில் பதில் தெரிந்தாலும் கை உயர்த்தாத பிள்ளை. இப்போதும் கடையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் சாமான் வாங்கிக்கொண்டு போனபிறகுதான் என் முறை வரும். வீதிக் குறியீட்டுப் புத்தகத்தை அடுப்படியில் வைத்து வாய்க்குள்ளேயே பாடமாக்கினேன். சோதனை மண்டபத்தில் போய் இருந்ததும் எல்லாம் ஒன்றாய்க் கலந்துவிட்டது. நீல வட்டத்தில் ஒரு கோடு போட்டால் ஒன்று, இரண்டு கோடு போட்டால் இன்னொன்று. எது எதுவென்று பிடிபடவில்லை. பெயில். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் "சரி, விடும்" என்றார். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இவருடைய அக்கா பக்கத்து வளவில் இருக்கிறார். எனக்கு மச்சாள். லைசென்ஸ் இல்லாமலே பல வருசம் மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றியவர். சந்தியில் பொலிஸ் மறித்தபோது, "தம்பி, நான் என்ரை வீட்டுக்குப் போறன், அதுக்கு என்னத்துக்கு லைசென்ஸ்" என்று கேட்டு, நீதிமன்றம் வரைக்கும் போய் வந்தார். அதனால் அவருக்கும் சோதனை. மூன்றாவது ஆள் முன்வீட்டில் குடியிருக்கும் பாலர் பாடசாலை ரீச்சர், எங்களைவிட வயது குறைந்தவர். தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது.

நான் பெயில் விட்ட கதையைக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரீச்சர் பழைய கலண்டர் மட்டை ஒன்றோடு வந்தார். அதன் பின்பக்கத்தில் பாம்பும் ஏணியும் விளையாட்டுக்குக் கீறுவதுபோலக் கட்டம் கீறியிருந்தது. பாம்பும் இல்லை, ஏணியும் இல்லை. கட்டங்களில் வீதிக் குறியீடுகளை வெட்டி ஒட்டியிருந்தார்.

"பிள்ளையளுக்கு எழுத்துப் பழக்கிறதும் இப்பிடித்தான் அக்கா. சும்மா இருத்திவைச்சுச் சொன்னா நித்திரை கொள்ளுங்கள்."

"எங்களையும் நேசறியிலை சேர்க்கப்போறீர் போலை" என்றார் மச்சாள். ஆனால் முதல் ஆளாகப் பாயில் சப்பாணி கட்டி இருந்தவரும் அவர்தான்.

தாயக்கட்டையை உருட்டி எந்தக் கட்டத்தில் விழுகிறோமோ, அந்தக் குறியீடு சொல்வதைச் செய்யவேண்டும். 'நில்' என்றால் ஒரு ஆட்டம் நிற்கவேண்டும். உள்ளே போகத் தடை என்றால் முந்திய சந்திக்குத் திரும்பவேண்டும். சுற்றுவட்டத்தில் விழுந்தால், வலக்கைப் பக்கம் இருப்பவர் உருட்டிப் போனபிறகுதான் நாங்கள் போகலாம். ஆஸ்பத்திரிக் குறியீட்டில் யாராவது நிற்கும் வரைக்கும் எல்லோரும் மெதுவாகக் கதைக்கவேண்டும். மச்சாளுக்கு அதுதான் பெரிய தண்டனை.

தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்ல ஒருவர் வேண்டும். என் கணவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். வாலிப வயதிலிருந்து வாகனம் ஓடியவர்.

"அண்ணைதான் நீதவான்" என்றார் ரீச்சர்.

இவருக்கு மட்டை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே குறியீட்டை நாங்கள் வாயால் சொல்லவேண்டும்: என்ன வடிவம், கரை என்ன நிறம், உள்ளே என்ன படம். கேட்டுவிட்டு, அது என்ன, அங்கே என்ன செய்யவேண்டும் என்று அவர் சொல்வார். கண் மங்கிய பிறகு அவரிடம் யாரும் எதற்கும் முடிவு கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாலைந்து நாளில் அவர் எங்களுக்கு முன்னமே கதிரையைப் பாய்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினார்.

விளையாட்டில் கள்ளம் செய்வதை நாங்கள் அளாப்புதல் என்போம். மச்சாள் வஞ்சகமில்லாமல் அளாப்புவார். நாலு விழுந்தால் ஐந்து கட்டம் போவார். அதுகூடப் பரவாயில்லை. குறியீட்டைத் தம்பிக்குப் பிழையாகச் சொல்வார்.

"தம்பி, ஒரு அம்புக்குறி. இடப்பக்கம் வளைஞ்சிருக்கு."

"வளைவு. மெதுவாப் போகலாம்."

"கேட்டியளோ, போகலாமாம்."

மட்டையில் இருந்தது இடப்பக்கம் திரும்பத் தடை. அம்புக்குறிக்கு மேலால் சிவப்புக் கோடு ஒன்று வெட்டிப் போயிருந்தது. "அண்ணை, பெரியக்கா கோட்டை முழுங்கிப்போட்டா" என்று ரீச்சர் சிரித்துக்கொண்டு மறிப்பார். நான் பேசாமல் இருப்பேன். கணவரின் மூத்த அக்காவிடம் எப்படிச் சொல்வது? மச்சாள் வெல்வார், ரீச்சர் இரண்டாவது, நான் கடைசி. கடைசியாக வருவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அடுத்த சோதனைக்கு நாள் கிட்டிக்கொண்டிருந்தது. மச்சாள் சொல்லும் பிழையும் சேர்ந்து என் தலைக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மூன்று பேரும் முடிகிற கட்டத்துக்குக் கிட்ட நின்றோம். மச்சாளின் காய் ரெயில் படம் போட்ட குறியீட்டில் விழுந்தது. மறிக்கக் கேற் இல்லாத ரெயில் கடவை. நின்று இரண்டு பக்கமும் பார்க்கவேண்டிய இடம், ஒரு ஆட்டம் போய்விடும்.

"தம்பி, ரெயில் கடவை. கேற் போட்ட படம். கேற் திறந்துதான் கிடக்கு" என்றார் மச்சாள்.

"அப்ப போகலாம்" என்றார் இவர்.

எங்கள் பக்கத்தில் கேற் இல்லாத கடவைகள் உண்டு. அதில் ஒன்றைத் தாண்டித்தான் கிளினிக்குக்குப் போகவேண்டும். இவரைப் பின்னால் இருத்திக்கொண்டு நான் அந்தக் கடவைக்கு வருவது கண்ணில் வந்தது. அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது என்றால் யார் பார்ப்பது?

"இல்லை" என்றேன்.

ரீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"இல்லையப்பா. அது கேற் இல்லை. மஞ்சள் பலகை, நடுவிலை கறுப்பு எஞ்சின். கேற் இருக்கிற கடவையெண்டா வேலி மாதிரிக் கீறியிருக்கும். இதிலை நிண்டு பாத்துத்தான் போகவேணும். மச்சாள் அளாப்புறா."

அந்தக் கடைசிச் சொல் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. மச்சாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, உன்ரை மனிசிக்கு வாய் இருக்கு. இவ்வளவு காலமும் எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனி?"

"நானும் இப்பதான் கேக்கிறன்" என்றார் இவர். பிறகு நீதவான் குரலில், "ஒரு ஆட்டம் நில்லுங்கோ அக்கா. ரெயில் போகட்டும்" என்றார்.

அன்றைக்கு வென்றது ரீச்சர். நான் வழமைபோலக் கடைசி. ஆனால் மச்சாள் கோபித்துக்கொண்டு போகவில்லை, அடுத்த நாளும் வந்து முன்னையைவிடக் கூட அளாப்பினார். அவரைப் பிடிக்கவேண்டும் என்றால், அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் படத்தோடு வைத்துப் பார்க்கவேண்டும். நான் பார்த்தேன். மறித்தேன். சிலவேளை நான் மறித்ததே பிழையாகப் போய், எல்லோரும் என்னைப் பகிடி பண்ணினார்கள். பகிடி பட்ட குறியீடு ஒருநாளும் மறக்காது.

மச்சாள் என்னைக் கதைக்க வைக்கத்தான் அப்படிச் செய்தார் என்று ரீச்சர் நினைக்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. மச்சாள் பேரப்பிள்ளையோடு காட்ஸ் விளையாடினாலும் இதே கூத்துத்தான். என்ன நினைத்துச் செய்தாரோ, அவருடைய கள்ளத்தால் நான் அடைந்தது பெரிது. மட்டை கீறித் தந்த ரீச்சருக்கும் நான் நன்றி சொன்னதில்லை. சொல்லப் போனால் வெட்கம் வரும். ஒடியல் கூழ் காய்ச்சிய அன்று ஒரு சட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு விளங்கியிருக்கும்.

என்னுடைய இரண்டாம் முறைச் சோதனைக்கு மூன்று பேரும் ஒன்றாகப் போனோம். கேள்வித்தாளில் அதே நீல வட்டம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் சொன்னேன்: "இஞ்சேருங்கோ, நீல வட்டம், சிவப்புக் கரை, ஒரு கோடு." அவர் குரலிலேயே பதில் வந்தது: "வாகனத்தை விட்டிட்டுப் போகக்கூடாது. ஆளை இறக்கிப்போட்டு எடுக்கலாம்." அதைத் தேடிக் கோடு போட்டேன். மற்றதையும் அப்படியே அவருக்குச் சொல்லிச் சொல்லிச் செய்தேன். மேற்பார்வைக்கு நின்றவர் என் வாய் அசைவதை இரண்டு தரம் பார்த்துக்கொண்டு போனார்.

மூன்று பேரும் பாஸ். மச்சாளுக்குத்தான் கூடப் புள்ளி.

"பின்னை என்ன? சரியானது தெரியாமல் அளாப்ப ஏலுமோ" என்றார்.

ஓடிக் காட்டும் சோதனையும் முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்தபின், முதல் கிளினிக் நாள் வந்தது. இவர் வெள்ளைச் சேட்டுப் போட்டு, ஹெல்மெட்டைக் கொழுவிக்கொண்டு, நான் கூப்பிட முன்னமே ஸ்கூட்டியடியில் நின்றார். ஏறி, என்னைப் பிடிக்கக் கூச்சப்பட்டுப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். மச்சாள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். ஒழுங்கை முழுக்க மெதுவாக வந்து, பெரிய வீதியில் ஏறுகிற இடத்தில் நிறுத்தினேன்.

இவர் வலப்பக்கம் தலையைத் திருப்பினார். "ஒருத்தரும் இல்லை, எடும்" என்றார்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு நானும் ஒருக்காப் பார்த்தேன். பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். அது எங்களைத் தாண்டிப் போனது.

"உது வாற சத்தம் எனக்குக் கேட்டது" என்றார் பின்னாலிருந்து. "உம்மைச் சோதிச்சுப் பாத்தனான்."

"அளாப்பாதேங்கோ" என்றேன்.

அவர் சிரிப்பது முதுகில் தெரிந்தது. வீதி வெறுமையானதும் எடுத்தேன். கிளினிக்கில் நாங்கள் போனபோது முன்வாங்கில் இடம் இருந்தது. அந்த மாத ஊசி அந்த மாதமே போட்டாயிற்று.