மஞ்சள் நனைத்த துணி

என் புருஷன் தண்ணீர் சுமந்ததைப் பார்த்துத் தெருவே சிரித்தது. ஆம்பிளை குடம் எடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. இவர் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, சாமி தூக்கி வருகிறவர் மாதிரி நிமிர்ந்து நடந்து வருவார். "பொண்டாட்டிக்கு அபிஷேகமா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஆமா, தினமும் ரெண்டு வேளை" என்று பதில் சொல்வார். எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்னும். உள்ளுக்குள் சந்தோஷம்தான், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். பாளையம்பட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு, திருச்சுழி போகிற சாலையில் உள்ள ஒரு நெசவுத் தெருவுக்கு வந்திருந்தேன். வீட்டில் மாமியார், அவர், நான், குழிக்குள் கால் தொங்கப் போட்டு நெய்கிற ஒரு தறி. வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். சண்டை என்று வந்தால் வீட்டுக்குள்ளும் தமிழ்தான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. அந்தக் கரிக்காக எங்கள் ஊருணிக் கரையில் நின்ற உடைமரங்களை வெட்டிச் சுட்டு லோடு லோடாக டவுனுக்கு ஏற்றினார்கள். அடுத்து வந்த மழை, வேர் பிடிப்பில்லாத கரைமண்ணை அப்படியே ஊருணிக்குள் தள்ளிவிட்டது. கீழ்ப்படிகள் புதைந்தன. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் மழையே இல்லை. முன்பெல்லாம் படியில் நின்றபடி குடத்தைச் சாய்த்தால் நிரம்பிவிடும். இப்போது தண்ணீர் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. சேற்றில் இறங்கி முழங்கால் ஆழத்துக்குப் போனால்தான் மொள்ள முடியும்.

குடிதண்ணீர் ஊருணி விஷயத்தில் எங்கள் ஊர் ரொம்பச் சுத்தம் பார்க்கும். செருப்போடு கரையேறக் கூடாது, துவைக்கக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது. காலைக் கழுவிவிட்டுத்தான் இறங்குவோம். கழுவின கால் தண்ணீருக்குள் போவது தப்பென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"கரையோரம் கலங்கல். நீ அதைக் குடிக்க வேணாம்" என்று சொல்லி, இவர் தொடையளவு ஆழத்துக்குப் போய்த் தெளிந்த தண்ணீராகக் கொண்டு வருவார். மாசி மாதம் அவர் கணுக்காலில் ஒரு கொப்புளம் எழும்பியது. நெருப்பு பட்டதுபோல எரிகிறது என்றார். ஊருணியில் நின்றால் எரிச்சல் அடங்குகிறதாம். அதனால் குடம் நிறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார்.

கொப்புளம் உடைந்து, வெள்ளையாக ஒரு நுனி வெளியே தெரிந்தது. நரம்புச் சிலந்தி. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த புழுதான், ஆனால் அந்த இரண்டு வருஷமாகத்தான் வீட்டுக்கு ஒருவர் அதனோடு படுத்துக் கிடந்தார்கள்.

"நூலுக்குக் கண்ட்ரோல் போட்டுட்டானுக. நமக்குப் பாரு, கால்லயே நூல் விளையுது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புழுவின் நுனியை வேப்பங்குச்சியில் சுற்றி, தினம் ஒரு விரற்கடை இழுக்க வேண்டும். அறுந்துவிட்டால் கால் புழுத்துப் போகும். அப்படி அறுந்து கால் சூம்பிப்போன ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். தினமும் காலையில் நான்தான் குச்சியைத் திருப்புவேன். அவர் வலியை மறைக்க ஏதாவது பாட்டை முணுமுணுப்பார். சுருதியே சேராது. தறி சும்மா கிடந்தது.

அந்தச் சமயத்தில் சைக்கிளில் ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். என் புருஷன் காலைப் பார்த்துவிட்டுத் தெருக்காரர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "இந்தக் கால் தண்ணிக்குள்ள போனா புழு அங்க குஞ்சு விடும். அந்தத் தண்ணியக் குடிக்கிறவங்களுக்கு ஒரு வருஷம் உடம்புக்குள்ள இருந்துட்டு அப்புறம்தான் வெளிய வரும். ஊருணிக்குள்ள யாரும் கால் வைக்காதீங்க. துணிய மடிச்சு வடிகட்டிக் குடிங்க." தண்ணீர் வற்றுகிற தேசங்களில் எல்லாம் இந்தப் புழு உண்டு, அரபு நாட்டிலும் ஆப்பிரிக்காவிலும்கூட உண்டு என்றார். எங்கேயோ ஒரு பாலைவனத்தில் என்னைப்போல ஒருத்தி குச்சியைத் திருப்பிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் புருஷனாவது சுருதியோடு பாடட்டும்.

என் கவலை வேறு. அதைக் கேட்க எனக்குக் கூச்சம். இவரைக் கேட்கச் சொன்னேன். "தாய் குடிச்சது வயித்துப் பிள்ளைக்குப் போகாது. பிறந்தபெறகு பிள்ளை குடிச்சா வரும்" என்றார் இன்ஸ்பெக்டர். அன்றே தீர்மானித்தேன், என் பிள்ளை வாயில் வடிகட்டாத ஒரு சொட்டு போகக் கூடாது.

பழைய வேட்டித் துணியை மடித்துக் குடத்து வாயில் கட்டினேன். மாமியார் அதைப் பார்த்ததும் அலறினாள். "வெள்ளத் துணியால வாயக் கட்டுற கலயம் எதுன்னு தெரியுமாடீ? சுடுகாட்டுல எலும்பு பொறுக்கிக் கட்டுறது! நிறைசூலி இருக்க வீட்டுல இதை வைப்பியா?" துணியைப் பிடுங்கி எறிந்தாள். எனக்கு வாய் நீளம். நானும் விடவில்லை. இரண்டு பேரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. யோசித்தால் அவள் பயந்ததும் இந்தப் பிள்ளைக்காகத்தான்.

இவர் காலிலிருந்து புழு முழுசாக வெளியே வந்து, புண் ஆறி, சித்திரையில் தறிக்குழியில் கால் வைத்தவர் முதலில் நெய்தது ஒன்றரை முழத் துணி. நெருக்கமான இழை, இரண்டு பக்கமும் சிவப்புக் கரை. அதை மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்து, காயவைத்து அம்மாவிடம் கொடுத்தார். "இது எந்த சுடுகாட்டுலம்மா கட்டுவாக?"

மாமியார் துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "ஒரு குட்டிச் சேலை மாதிரில்ல இருக்கு" என்றாள். தானே குடத்தில் கட்டி, குடத்துக்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். வைகாசியில் மகள் பிறந்தபோது தெருவில் பாதி வீட்டுக் குடங்கள் மஞ்சள் கட்டியிருந்தன.

அடுத்த மாசியில் என் பாதத்தில் கொப்புளம் எழும்பியது.

எனக்கு மட்டுமில்லை, தெருவில் ஏழெட்டுப் பேருக்கு. ஒரு வருஷம் வடிகட்டிக் குடித்தும் வந்துவிட்டதே என்று ஆளாளுக்குத் துணியை அவிழ்த்து எறிந்தார்கள். எங்கள் வீட்டிலும் பெண்கள் கூடினார்கள். என் காலே அவர்களுக்குச் சாட்சியாகிப் போனது. "கட்டுனவளுக்கே வந்துருச்சு. அப்புறம் என்னத்துக்கு இந்தக் கோமாளித்தனம்?" என்றாள் ஒருத்தி. மாமியாரும் குடத்தருகே போய் முடிச்சில் கை வைத்துவிட்டாள். மகள் அப்போதுதான் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கப் பழகியிருந்தாள். நான் எழப் பார்த்தேன், பாதத்தை ஊன்ற முடியவில்லை. ஒரு வருஷம் உள்ளே இருக்குமென்று இன்ஸ்பெக்டர் சொன்னாரே என்று கத்தினேன். யாரும் காது கொடுக்கவில்லை.

தறியிலிருந்து அவர் எழுந்து வந்தார்.

"இந்த வருஷத் தண்ணியில வந்ததில்ல இது. போன மாசியில வந்தது" என்றார். "கொப்புளக் காலோட நான் ஊருணிக்குள்ள நின்னேன். எரிச்சலுக்கு இதமா இருக்குன்னு நின்னேன். அதே தண்ணியத்தான் மொண்டு இவளுக்குக் கொண்டாந்தேன். நீங்களும்தான் மொண்டீக. உங்க எல்லாருக்கும் நான்தான் குடுத்தேன்."

அத்தனை பேர் முன்னால் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எரிகிற காலை இழுத்துக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. மாமியார் அவிழ்க்கப் போன முடிச்சை இன்னும் இறுக்கிப் போட்டாள். கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சிலர் திரும்பக் கட்டினார்கள், சிலர் கட்டவில்லை.

என் குச்சியை அந்த வருஷம் அவர் திருப்பினார். பாட மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மகள் தண்ணீர் குடிக்கப் பழகி ஒரு வருஷம் ஆன மறு மாசியில், தறியில் உட்காருவதற்கு முன் மகளை மடியில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். உள்ளங்கால், கணுக்கால், முழங்கால், ஒவ்வொரு விரல் இடுக்கும். ஊருணியில் யார் கால் வைத்தார்கள், எங்கள் துணியில் எங்காவது இழை விலகியதா, யாருக்குத் தெரியும். அவள் அப்பா கிச்சுகிச்சு மூட்டுகிறார் என்று நினைத்துக் கெக்கலித்துச் சிரிப்பாள். மாசி போனது, பங்குனி போனது. சிலந்தி வெளிவருகிற காலம் முடிகிறவரை, சித்திரை முழுக்கப் பார்த்தார். ஒரு கொப்புளமும் இல்லை.

வைகாசி பிறந்த அன்று அவர் பார்க்கவில்லை. நேரே தறிக்குப் போனார். மகள் தத்தித் தத்தி அவர் பின்னால் போய், தரையில் உட்கார்ந்து, தானாகவே இரண்டு காலையும் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.