சிவப்பு முகத்துக்காரர்

கறம்பக்குடித் திருவிழாவில் அரை மணி நேரமாகக் காணாமல் போயிருந்த என் மகள், நாடக மேடைக்குப் பின்னால், ராஜா வேடக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து அவளை அணைத்துப் படுத்திருக்கிறேன். அவள் சட்டையில் அரிதார வாசனை.

இந்த வாசனை, அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில், சிங்கப்பூரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் சீன நாடகக் கொட்டகை போடும் திடலில் இருந்தது. இன்று அங்கே கார் நிறுத்தும் கட்டடம். ஊதுபத்திப் புகையும் காதைத் துளைக்கும் தாளமும் பட்டு உடைகள் தொங்கும் மூங்கில் கழிகளுமாக இருந்த அந்த மேடைக்குப் பின்னால், ஆறு வயதில் நான் வழி தவறி அழுதபோது, முகமெல்லாம் சிவப்புப் பூசி, இடுப்புவரை தாடி வைத்திருந்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தைகூடப் பேசாமல், நாற்காலி வரிசைகளுக்கிடையே மெதுவாக நடந்து ஒவ்வொரு பெண்ணின் முன்னாலும் என்னை நிறுத்தினார்.

அம்மா ஓடிவந்து அவர்மேல் பாய்ந்தார். "எம்புள்ளைய எங்கிட்டுய்யா இழுத்துக்கிட்டுப் போற? வாயத் தொறந்து சொன்னா என்ன?"

அவர் தலைகுனிந்து நின்றார்.

"திட்டாதீங்கக்கா," என்று பக்கத்து வீட்டுக்காரர் தடுத்தார். "அது சாமி வேசம். பூசிட்டா மேடையிலதான் பேசுவாக. மத்தபடி அழிக்கிறவரைக்கும் வாயே தொறக்க மாட்டாக."

அம்மா அங்கேயே கும்பிட்டார்.

தன் காட்சி முடிந்ததும் அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு எங்களைத் தேடி வந்தார். என் முன்னால் குனிந்து, முதல் வேலையாக, என் பெயரைக் கேட்டார்.