செக்பொயின்ட்டில் வெடித்த மொரிஸ் மைனர்

காரின் சைலன்சர் வெடித்தால் மற்ற ஊர்களில் நாய் குரைக்கும். யுத்தம் நடந்த தொண்ணூறுகளில், கிழக்கிலங்கையில் எங்கள் ஊர்ப் பக்கம் சிப்பாயின் துவக்கு திரும்பும். இது தெரியாதவன் கார் ஓட்டவும் கூடாது, திருத்தவும் கூடாது.

எல்லோருக்கும் அண்ணன் முறையான ஆதம்பாவா காக்கா கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் ஆள் ஏற்றி ஹயர் ஓடுபவர். அவருடைய மொரிஸ் மைனர் என்னைவிட வயதில் மூத்தது. ஒரு நாள் காலை, நான் வேலை செய்த கராஜுக்கு முழங்காலெல்லாம் மணலோடு வந்தார். செக்பொயின்ட்டில் வேகத்தைக் குறைத்தபோது சைலன்சர் வெடித்திருக்கிறது. காவலுக்குப் புதிதாக வந்த சிப்பாய் துவக்கை நீட்டி, அவரை ரோட்டோரத்தில் முழங்காலில் நிறுத்திவிட்டான்.

"சைலன்சர மாத்தித் தாங்க முதலாளி," என்றார்.

முதலாளி என்னிடம், "கேட்டதச் செய்யன் மனே," என்றார். கராஜோடு சேர்த்து கார்ச் சாமான் கடையும் வைத்திருந்தார்; கடையில் இருக்கிற சாமானைக் கேட்டு வருகிறவர் எல்லோரும் அவருக்குப் பெரிய மெக்கானிக்குகள்தான்.

நான் பொனட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் கொதித்தது. நாலு பேர் ஏறினால் இழுக்குதில்லை என்றும் காக்கா சொன்னார். கொதிப்பு, இழுவைக் குறைவு, சைலன்சர் வெடி மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் தீப்பொறி விழுகிற நேரத்தை, டைமிங்கைப் பார். தீப்பொறி பிந்தினால் பெற்றோல் சிலிண்டருக்குள் எரிந்து முடியாது. மிச்சம் சைலன்சருக்குள் போய் எரியும்.

ஒரு பல்பைக் கொழுவி எஞ்சினைக் கையால் சுற்றினேன். தீப்பொறியை விடுகிற பொயின்ட் திறக்கும்போது பல்ப் பத்தும். பெல்ட் ஓடுகிற கப்பியில் இருக்கிற வெட்டு, குறியைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் பத்தியது. டிஸ்டிரிபியூட்டரை யாராவது திருப்பினால்தான் இவ்வளவு பிந்தும்.

"டிஸ்டிரிபியூட்டர ஆர் திருப்பின?"

"ஆரும் தொடல்ல."

டாங்கி மூடியைத் திறந்தேன். குசினி விளக்கு மணந்தது.

"மண்ணெண்ணெய் கலந்தா எஞ்சின் தட்டும். தட்டாம இரிக்க நீங்கதான் திருப்பியிருக்கீங்க."

"பெற்றோல் விக்கிற விலைக்கு எல்லாரும்தானே கலக்கிறாங்க."

"எல்லாரும் முழங்கால்ல நிண்டாங்களா?"

டாங்கியைக் கழுவி, டைமிங்கைக் குறிக்குக் கொண்டுவந்தேன். கார் பூனை மாதிரிப் போனது. ஒரு கிழமையில் காக்கா கோபத்தோடு திரும்பி வந்தார்.

"என்னடா செஞ்ச? பழைய சிப்பாய்மார் என்ட வெடியக் கேட்டே ரோட்ட மறிச்ச கம்பத் தூக்குவானுகள். இப்ப சத்தமில்லாம வாறது ஆரெண்டு தெரியாம எல்லாரையும் இறக்கி, சாமானெல்லாம் கொட்டிப் பாக்கிறானுகள். ஹயருக்கு ஆள் ஏறுதில்ல. பழையபடி வெடிக்க வை."

"புதுசா வாறவனுக்கு உங்கட வெடி தெரியாது காக்கா. ஒருத்தன் முழங்கால்ல வெச்சான். அடுத்தவன் சுடுவான்."

"ஆள் கேக்கிறதச் செய்து குடுத்து விடன்," என்றார் முதலாளி.

ஸ்பெனரை அவர் கையில் வைத்தேன். "நீங்க திருப்புங்க. திருப்பிப்போட்டு, காக்காட பக்கத்துல இருந்து செக்பொயின்ட் வரைக்கும் போய் வாங்க."

முதலாளி ஸ்பெனரை மெதுவாக மேசையில் வைத்தார்.

"அப்ப நான் வாறது அவனுகளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் காக்கா.

"ஹோர்ன் அடிங்க."

"அது வேல செய்யிறல்ல."

"எப்பருந்து?"

"வாங்கினதிலருந்து."

வயர் கழன்றிருந்தது. அதைப் பூட்டிக் கொடுத்தேன். தூரத்திலேயே ரெண்டு தரம் ஹோர்ன் அடித்துப் போகத் தொடங்கினார். கொஞ்ச நாளில் அந்தச் சத்தத்துக்குக் கம்பு உயர்ந்தது. புதிதாக வந்தவனும் ஹோர்னுக்குத் துவக்கை நீட்டவில்லை.

மெக்கானிக் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆள் கேட்கிற சாமானை நம்பாதே. சொல்கிற கதையையும் நம்பாதே. டாங்கியை மணந்து பார். சைலன்சர் கேட்டு வந்த ஆளுக்கு டைமிங்கும் ஒரு துண்டு வயரும்தான் தேவைப்பட்டது.

முதலாளி மட்டும் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தச் சைலன்சரையும் மாத்தியிருக்கலாம்."