கட்டாக் கருவாட்டில் ஏறிய புகை

நெருப்பு வைத்தால் பிளாஸ்டிக் இல்லாமற் போய்விடும் என்று நம்பிய மடையன் நான். அதிலும் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு நம்பியவன். என்னிடம் படித்த பிள்ளைகள் மன்னிக்கவும்; பரீட்சையில் நான் வெட்டிய புள்ளிகளை இனித் திருப்பித் தர வழியில்லை.

எங்கள் தெருவுக்குக் கிழமைக்கு ஒருமுறை குப்பை ட்ராக்டர் வரும். போத்தல் வேறு, சொப்பிங் பை வேறு, சமையல் கழிவு வேறு என்று பிரித்து வைத்தால்தான் ஏற்றுவார்கள். பங்கு மண்டபத்தில் கூட்டம் வைத்து ஊருக்கு அதை விளக்கியவனும் நான்தான். ஆனால் என் வீட்டில் யோகட் கோப்பை, மீன் செதில், சோறு சுற்றிய லன்ச் சீற், மாத்திரை அட்டை எல்லாம் ஒரே உரப்பைக்குள் போகும். ட்ராக்டர்காரர் பையின் வாயை அவிழ்த்துப் பார்த்தார்.

“நீங்கள்தானே மாஸ்டர் கூட்டத்தில பேசினது?”

“பேசினனான். பிரிக்கிறன் எண்டு சொல்லேல்லையே.”

சிரித்துவிட்டுப் பையைப் படலையடியில் விட்டுப் போனார். மூன்று கிழமையில் மூன்று பை சேர்ந்தது. தெருக் கழுதைகள்கூடக் கிழித்துப் பார்த்துவிட்டு அப்பால் போயின.

ஒரு சனிக்கிழமை விடிய, காற்று கடலுக்குப் போகும் நேரம் பார்த்து வளவில் கொளுத்தினேன். நிலக்காற்று, கடற்காற்று என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியவனல்லவா? ஈரக் குப்பை எரியாமல் மத்தியானம் வரை புகைந்தது. நான் புட்டைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காற்று பாடத்தில் உள்ளபடியே திரும்பியது.

பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மீன்பிடிக் குடும்பம். கணவர் பிடித்து வரும் மீனில் மனைவி கருவாடு போடுவார். அந்தக் கிழமை பிடித்த கட்டா மீன் முழுவதும் வலை கட்டிய பந்தலில் காய்ந்துகொண்டிருந்தது. நான் எழும்பிப் பார்த்தபோது புகை அதன்மேல் படுத்துக் கிடந்தது. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். அவர்கள் இருவரும் பட்டினத்துக்குப் போயிருந்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வியாபாரி வந்து மணந்து பார்த்துவிட்டு எடுக்காமல் போய்விட்டார். அந்த அம்மா என்னை வேலியடிக்குக் கூப்பிட்டார்.

“இந்த மனுசன் எஞ்சின் எண்ணெய்க் கையோட மீனை அளைஞ்சிருக்கு, மாஸ்டர். மணந்து பாருங்கோ. இனி அந்த யாவாரி என்ர வீட்டு முத்தத்துக்கு வருவானே?”

“நான் சவர்க்காரம் போட்டுக் கழுவினனான்,” என்றார் பின்னால் நின்ற கணவர்.

“கழுவின வடிவு தெரியுது.”

மணந்தேன். என் மூன்று உரப்பையும் அதற்குள் இருந்தன.

“ஓம், எண்ணெய் மணம் மாதிரித்தான் கிடக்கு,” என்றேன். பிளாஸ்டிக்கும் எண்ணெயிலிருந்து வருவதுதானே, சொன்னது பொய்யில்லை என்று எனக்கு நானே ஒரு பாடம் நடத்தினேன். அதைவிடக் கேவலமான பாடம் நான் நடத்தியதில்லை.

கருவாட்டைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அதன்பிறகு கணவருக்குப் பந்தல் பக்கம் போகத் தடை. கடலால் வந்ததும் குழாயடியில் நின்று முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். பிறகு விரல்களை மூக்கில் வைத்துப் பார்ப்பார். தன் கையின்மேல் அந்த மனிதருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நான் யோகட் கோப்பையைக் கழுவித் தனிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஒழுங்காகப் பிரிக்கிறேன். அதனால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கரைக்குப் போனேன். அவர் வள்ளத்தடியில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பகிடியாகத்தான் தொடங்கினேன், எனக்கு வேறு தொடக்கம் தெரியாது.

“உங்கட கட்டாவுக்குச் சாம்பிராணி காட்டினது நான்தான்.”

அவர் சிரிக்கவில்லை. மூன்று பை, திரும்பிய காற்று, எண்ணெய் மணம் என்று நான் தலையாட்டியது, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். வலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்றேன்.

“அதை அவளிட்டப் போய்ச் சொல்லுங்கோ, மாஸ்டர்.”