இரண்டாம் சனிக்கிழமை வகுப்பும் மங்கையர்க்கரசியும்

மங்கையர்க்கரசி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தில் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். என் குமாஸ்தா ஏழுமலை பின்னால் வந்து குனிந்து, "மேடம், மங்கை மேடம் காலைல தவறிட்டாங்களாம்" என்றார். நீதிபதியின் காதிலும் அது விழுந்துவிட்டது. "தள்ளி வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மீதிக் கேள்விகளைக் கேட்டு முடித்தேன். வெளியே வந்து வண்டிகள் நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வரவில்லை.

இரங்கல் கூட்டத்தில் என்னைத்தான் முதலில் பேசச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். அங்கே நின்று பேசியிருந்தால் பாதியைத்தான் சொல்லியிருப்பேன். அவரை அறிந்த நீங்கள் மீதியையும் அறிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொழிலுக்கு வந்தவர்கள். இருவருக்கும் குடும்ப வழக்குகள்தான் அதிகம். ஒருமுறை ஒரு ஜீவனாம்ச வழக்கில் அவர் கணவனுக்காகவும் நான் மனைவிக்காகவும் அரை மணி நேரம் காரசாரமாக வாதாடினோம். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாங்கள் பேசிய பிரிவு எப்போதோ திருத்தப்பட்டுவிட்டது என்றார். வெளியே வந்ததும் மங்கை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பழைய சட்டத்த வெச்சிக்கினு ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கினு இருந்திருக்கோம், சாந்தி. நம்மள நம்பி ரெண்டு பேரு வெளியில ஒக்காந்துகினு இருக்காங்க பாரு. நாம படிக்கலன்னா தண்டன அவங்களுக்கு."

அப்படித்தான் வகுப்பு தொடங்கியது. மூடிப்போன ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் மாடியை வாடகைக்குப் பிடித்தோம். ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் தியாகதுருகத்திலிருந்தும் வடக்கனந்தலிலிருந்தும்கூட வக்கீல்கள் வந்தார்கள். புதிய தீர்ப்புகளைப் படித்தோம். மனு எழுதுவதைத் திருத்திக்கொண்டோம். பட்டம் வாங்கியதோடு படிப்பு முடிந்தது என்று இருந்த எங்களை மறுபடியும் பெஞ்சில் உட்காரவைத்தவர் மங்கைதான். அதை யாராலும் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை.

அங்கே நடந்த ஒன்றை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். விவாகரத்து வழக்குகளில் பெண்களைக் கூண்டில் வைத்து நோகடிப்பதில் பேர்போன நண்பர் ஒருவர் இருந்தார். அவரை மங்கை ஒருநாள் நாற்காலியில் உட்காரவைத்து, "இப்ப நீங்கதான் அந்தப் பொண்ணு" என்றார். அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை அதே குரலில், அதே இழுவையோடு அவரிடமே கேட்டார். முதலில் எல்லோரும் சிரித்தோம். ஐந்தாறு கேள்விக்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த நண்பர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "போதுங்க மேடம், புரியுதுங்க" என்றார். அதன் பிறகு அவர் கேள்வி கேட்கும் விதமே மாறியது.

வகுப்புக்கு ஒரு விதி இருந்தது. அவரவர் நடத்தும் வழக்கின் சிக்கலை அங்கே தயங்காமல் சொல்லலாம். கேட்டவர் அதை வெளியே பயன்படுத்தக் கூடாது. விதியைப் போட்டவர் மங்கை. "நோவு எங்க இருக்குன்னு மறைச்சா வைத்தியம் இன்னான்னு எப்படி சொல்றது? இங்க பேசுறது இங்கயே இருக்கணும்" என்பார். அந்த நம்பிக்கையில்தான் பொன்னியின் வழக்கை நான் அங்கே கொண்டுபோனேன்.

பொன்னி கல்வராயன் மலையில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். மலையில் சாமையும் தினையும் போட்டுப் பிழைக்கும் குடும்பம். கணவன் கீழே லாரி ஓட்டப் போய், கள்ளக்குறிச்சியிலேயே இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்தத் தொடங்கினான். கைக்குழந்தையோடு பஸ் ஏறி என்னிடம் வந்தாள். மலையில் இருக்கும் பழங்குடி மக்களுக்கு இந்துத் திருமணச் சட்டம் பொருந்தாது. அவர்கள் வழக்கப்படி நடந்த கல்யாணம் என்று நிரூபிக்க வேண்டும். அதில் ஒரு சிக்கல் இருந்தது. பொன்னியைச் சின்ன வயதில் வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்து, பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்த்துவிட்டார்கள். அங்கே அது பெரிய விஷயமில்லை. இந்தக் கணவனுக்கும் தெரியும். ஆனால் கோர்ட்டில் அந்த முறிவை நிரூபிக்க முடியாவிட்டால் இரண்டாவது கல்யாணமே செல்லாது என்றாகிவிடும். அன்று இருந்த பெரியவர்களில் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். அவர் முதல் கணவனுக்குச் சித்தப்பா. சாட்சி சொல்ல வர மாட்டேன் என்றுவிட்டார்; அது பொன்னியின் கணவனுக்குத் தெரியாது.

இதையெல்லாம் ஊர், பெயர் சொல்லாமல் வகுப்பில் வைத்து, எப்படி நிரூபிப்பது என்று கேட்டேன். மங்கைதான் அதிகம் கேள்வி கேட்டார். "அந்தப் பெரியவரு ஏன் வர மாட்டேங்கறாரு? வேற யாருமே இல்லியா?" உதவி செய்யத்தான் கேட்கிறார் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்போது உதவிக்காகத்தான் கேட்டார் என்று இன்றும் நம்புகிறேன். பொன்னியின் கணவன் அவரிடம் போனது அதற்குப் பிறகுதான்.

விசாரணையன்று எதிர்த்தரப்பில் வக்கீல் மாறியிருந்தார். பொன்னி கூண்டில் நின்றாள். மங்கை எழுந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"உனக்கு மொதல்ல ஒரு கல்யாணம் ஆச்சா இல்லியாம்மா?"

"ஆச்சுங்க. தீத்துட்டாங்க."

"யாரு தீத்தாங்க? அவங்கள்ல யாரு இப்ப உயிரோட இருக்காங்க? அவரு ஏன் இங்க வரல?"

ஆட்சேபித்தேன். சட்டப்படி அவை சரியான கேள்விகள்தான். நீதிபதி அனுமதித்தார். பொன்னி மங்கைக்குப் பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத நான் உங்களுக்கு மட்டுந்தான வக்கீலம்மா சொன்னேன்?"

குழந்தைக்கு ஜீவனாம்சம் உத்தரவானது. பொன்னி மனைவி என்று நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. படித்துச் சொன்னேன். "அப்போ இத்தன வருசம் நான் யாரு வூட்டுல ஆக்கிப் போட்டுக்கினு இருந்தேன்?" என்று கேட்டாள். மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்றேன். தலையாட்டி மறுத்தாள்.

"வேணாங்க. திரும்பவும் உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லணும். நீங்க அத இன்னொருத்தர்கிட்ட சொல்லுவீங்க."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலை பஸ்ஸுக்கு நடந்தாள். நான் எதிர்த்தரப்புக்கு விலைபோய்விட்டேன் என்றுதான் நினைத்திருப்பாள். நடந்ததை விளக்க அவள் வீடு வரைக்கும் போனேன். அவள் அம்மாதான் வெளியே வந்தார். "அவ வர மாட்டாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தீர்ப்புக்கு மறுநாள் நீதிமன்ற வராந்தாவில் மங்கையை நிறுத்தினேன். அதுவரை நாங்கள் ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் பேசுவோம். அன்று என் வாயில் 'நீங்க' என்று வந்தது. "நீங்க போட்ட விதிதானங்க அது?" என்றேன்.

"தெரிஞ்சத தெரியாத மாதிரி எப்படி நடிக்கறது, சாந்தி? என் கட்சிக்காரனுக்கு நான் துரோகம் பண்ண முடியுமா?" என்றார்.

நியாயமான வாதம்போலத் தோன்றும். அந்த வழக்கை எடுக்காமலே இருந்திருக்கலாமே என்றேன். கேஸ் கட்டை அணைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகும் சில மாதங்கள் வகுப்பு நடந்ததாகச் சொன்னார்கள். நான் போகவில்லை. வந்தவர்கள் தீர்ப்புகளைப் படித்தார்களாம். தங்கள் வழக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். பிறகு அதுவும் நின்றுபோனது. பொன்னிக்கு நேர்ந்ததற்கு அடுத்தபடியாக என்னால் பொறுக்க முடியாதது இதுதான். இந்த ஊர் வக்கீல்கள் தங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஓர் இடம் இருந்தது. அதைக் கட்டியவரே இடித்தார்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு தியாகதுருகத்தில் இருந்த அவர் வீட்டுக்கு ஒருமுறை போனேன். மெலிந்திருந்தார். குரல் மட்டும் மாறவில்லை. புதிய சட்டத்தில் பிரிவுகளின் எண்கள் எல்லாம் மாறிவிட்டதைப் பற்றி உற்சாகமாகப் பேசினார். "இதுக்கு ஒரு நாள் முழுக்க வகுப்பு வெக்கணும்" என்றார். அவராகச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எழுந்துகொள்ளும்போது நானே கேட்டேன்.

"பொன்னி கேஸ்ல ஏங்க அப்படி செஞ்சீங்க?"

யார் பொன்னி என்று கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கு ஜெயிக்கணும்னு இருந்துது. அவ்ளோதான்."

மன்னிப்புக் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். அதுதான் கடைசி.

இப்போது சில வக்கீல்கள் என்னிடம் வந்து, அவர் பெயரில் வகுப்பை மறுபடி தொடங்க வேண்டும் என்கிறார்கள். வகுப்பு வேண்டும். அடுத்த மாதமே நடத்துகிறேன். அவர் பெயரை வைக்க மாட்டேன்.

மங்கையர்க்கரசியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு வழக்குக்கு முன்பும் புதிதாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம். யார் முன்னாலும் வாய் திறப்பதற்கு முன் ஒரு கணம் தயங்கி, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கும் பழக்கம். முதலாவதற்காக அவரை வணங்குகிறேன். இரண்டாவதை நான் அவரிடம் கேட்கவில்லை.